கம்பிமேல் பதினான்கு பேர்

அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன். இடது பக்கத்திலிருந்து மூன்றாவது ஆள். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் அளவு டேப், முகத்தில் ஏதோ பரிசு வாங்கியவள் மாதிரி ஒரு சிரிப்பு.

பம்மலில் ஆரோக்கியராஜ் வீட்டு மாடி ஹாலில், டிவிக்கு மேலே, மாதா படத்துக்குப் பக்கத்தில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஏழெட்டு வருடங்களுக்கு முன்னால் அந்த வீட்டின் கீழ்த்தளத்துக்கு ரூஃப் காங்கிரீட் போட்ட அன்று காலையில் எடுத்தது. குடும்பம், உறவு, சர்ச் ஃபாதர், நான் என்று பதினான்கு பேர் வரிசையாக நிற்கிறோம். பின்னால் சர்ச் கோபுரம்.

"நல்லா இருக்கில்ல மேடம்? எல்லாரும் எவ்ளோ சின்னவங்களா இருக்கோம் பாருங்க" என்றார் ஆரோக்கியராஜின் மனைவி ஸ்டெல்லா.

எனக்கும் சிரிப்புதான் வந்தது. எவ்வளவு ஒல்லியாக இருந்திருக்கிறேன்! அப்புறம் தற்செயலாகப் படத்தின் அடிப்பகுதியைப் பார்த்தேன். எங்கள் கால்களைப் பார்த்தேன்.

சட்டென்று வெளியே பார்த்தேன்.

நான் போயிருந்த அன்று குருத்தோலை ஞாயிறு. தெருமுனையில் ஊர்வலப் பாட்டு கேட்க ஆரம்பித்திருந்தது. வேடிக்கை பார்ப்பதற்காக வீட்டில் இருந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், குழந்தைகள் என்று இருபது பேருக்குக் குறையாமல் வெளியே நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். படத்தில் நாங்கள் நின்றிருந்த அதே இடத்தில். அந்த வீட்டுப் பால்கனியில்.

பயம்தான் என் பிழைப்பு

வீட்டுக்கு எங்கே ஹால், எங்கே சமையலறை என்று படம் போடுகிறவர் வேறு. அந்த வீடு நிற்குமா என்று கணக்குப் போடுகிறவள் நான். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே என் ஆபீஸ். பீம் எவ்வளவு கனம், தூணுக்குள் எத்தனை கம்பி, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று எழுதித் தருவதும், அப்படியே செய்கிறார்களா என்று போய்ப் பார்ப்பதும்தான் வேலை.

நான் இயல்பிலேயே பயந்த சுபாவம். கல்யாண மண்டபத்துக்குப் போனால் எல்லோரும் மணமேடையைப் பார்ப்பார்கள், நான் மேலே பீமைப் பார்ப்பேன். "ஒரு தடவையாவது பொண்ணு மாப்பிள்ளைய பாரேன்டி" என்று என் கணவர் முழங்கையால் இடிப்பார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனாலும், எந்தக் கடையின் சன்ஷேட் தொங்குகிறது என்று பார்த்து ஒதுங்கித்தான் நடப்பேன்.

பரீட்சையில் ஃபெயிலாகிற கனவு எல்லோருக்கும் வரும். எனக்கு வருகிற கனவில் சத்தம் இருக்காது. ஒரு சுவர் மெதுவாகச் சாயும். நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை யாரோ என்னிடம் நீட்டுவார்கள். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுப்பேன்.

இவ்வளவு பயப்படுகிறவள் தப்பு செய்யமாட்டாள் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

நீட்டிய கை

விஷயம் புரிய இதைச் சொல்லியாக வேண்டும். கஷ்டமில்லை, பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்காது.

ஒரு குடம் தண்ணீரை எடுத்துக் கையை நேராக நீட்டிப் பிடித்துப் பாருங்கள். எங்கே இழுக்கிறது? தோளின் மேல்பக்கம். பால்கனியும் அப்படித்தான். சுவரிலிருந்து வெளியே நீட்டிய கை. முன்னால் அதைத் தாங்கத் தூண் கிடையாது. ஆள் ஏறி நிற்கும்போது அதன் மேல்பக்கம் இழுபடும். காங்கிரீட்டுக்கு எவ்வளவு அமுக்கினாலும் தாங்கத் தெரியும், இழுத்தால் தாங்கத் தெரியாது. இழுப்பைத் தாங்கத்தான் உள்ளே கம்பி வைக்கிறோம்.

ஆகவே பால்கனியில் முக்கியமான கம்பி மேல்பக்கம் இருக்கவேண்டும். அறையின் கூரையிலோ நேர்மாறு. அது நடுவில் தொய்யும், அதனால் கம்பி அடியில் இருக்கும். அடியில் கிடக்கிற கம்பியை யார் மிதித்தாலும் கவலையில்லை. அந்தரத்தில் நிற்கிற மேல்கம்பியை மிதித்தால் அது கீழே போய்விடும். போகாமல் இருக்க, வளைத்த கம்பித் துண்டுகளை முக்காலி மாதிரி அடியில் முட்டுக்கொடுப்போம். அதற்குப் பெயரே சேர்தான். அது கம்பியைத் தாங்கத்தான், ஆளைத் தாங்க அல்ல.

காங்கிரீட் போட்டு மூடிவிட்டால் உள்ளே கம்பி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. டைல்ஸ் ஒட்டிவிட்டால் சுத்தமாகத் தெரியாது. வீட்டுக்காரர்கள் நம்பிப் போய் நிற்பார்கள்.

ரூஃப் போட்ட அன்று

எங்கள் பக்கத்தில் ரூஃப் போடும் நாள் என்றால் அரைக் கல்யாணம். மிக்ஸர் மெஷின் விடியும்போதே தெருவை எழுப்பிவிடும். இந்து வீடு என்றால் தேங்காய், சூடம். பாய் வீடு என்றால் துஆ ஓதி இனிப்புக் கொடுப்பார்கள். கிறிஸ்தவ வீடு என்றால் ஃபாதரோ பாஸ்டரோ வந்து ஜெபம் செய்வார். வேலை செய்கிறவர்களுக்கு மத்தியானம் பிரியாணி எல்லா வீட்டிலும் உண்டு.

ஆரோக்கியராஜ் சின்னதாக ஒரு தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருப்பவர். வாடகை வீடுகளில் மாறி மாறிக் குடியிருந்தவர்களுக்கு இது முதல் சொந்தவீடு. அன்று காலை ஏழு மணிக்கு நான் கம்பியெல்லாம் பார்த்து முடித்தேன். பால்கனியில் மண்டிபோட்டு ஒவ்வொரு கம்பியாக டேப் வைத்து அளந்தேன். எல்லாம் மேலே, இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. நோட்டில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எட்டு மணிக்கு ஃபாதர் வந்தார். பின்னாலேயே குடும்பம் முழுவதும் ஏணியில் ஏறி வந்தது. ஆரோக்கியராஜின் மைத்துனர் கையில் கேமரா. "அந்தப் பக்கம் நில்லுங்க, அந்தப் பக்கம். பின்னாடி சர்ச் கோபுரம் விழணும்" என்று எல்லோரையும் தெருப் பக்கம் நகர்த்தினார்.

தெருப் பக்கம் என்றால் ரூஃப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற இடம், பால்கனி.

நான் வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் ஃபாதர் அங்கே போய் நின்றுவிட்டார். ஆரோக்கியராஜ் தன் மகள் ஜெனியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "மேடம் இல்லாம போட்டோவா? வாங்க மேடம்" என்றார். சிரித்துக்கொண்டே போய் நின்றேன். படம் எடுத்த பிறகு கம்பியைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், பால்கனிக்குக் காங்கிரீட் வரச் சாயங்காலம் ஆகும் என்று மனத்துக்குள் கணக்கு. எப்போதும் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்துப் பால்கனியில்தான் முடிப்பார்கள்.

அன்று ஜெபம் முடிந்ததும் முதல் சட்டிக் காங்கிரீட்டை ஃபாதர் கையால் போடச் சொன்னார்கள். அவர் நின்ற இடத்திலேயே போட்டார். அடுத்த சட்டி ஆரோக்கியராஜ், அதற்கடுத்தது ஸ்டெல்லா. என்னைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டில் கேசரி, பொங்கல், வடை. இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால் பால்கனி முழுக்க நிரம்பியிருந்தது. முதல் சட்டி விழுந்த இடத்திலிருந்தே மேஸ்திரி வேலையை ஆரம்பித்துவிட்டார்.

"மேஸ்திரி, கம்பிய தூக்கி விட்டீங்களா?"

"உட்டேன் மேடம்" என்றார் கன்னியப்பன்.

அதோடு விட்டேன். இப்போது யோசித்தால், அவர் முகத்தை நான் பார்க்கவேயில்லை. கையில் இன்னும் வடை இருந்தது. அவர் சொன்னதை நம்பினால் நாள் நன்றாகப் போகும், நம்பாவிட்டால் போட்ட காங்கிரீட்டை வாரச் சொல்லவேண்டும், ஃபாதர் முன்னால். எனவே நம்பினேன்.

வெள்ளைக் கோடு

படத்தில் இடது ஓரம், யார் காலும் படாத இடத்தில், கம்பிகள், காங்கிரீட்டைத் தாங்க அடியில் பரப்புகிற சென்ட்ரிங் தகட்டுக்கு மேலே நாலு விரல் உயரத்தில் நிற்கின்றன. கொஞ்சம் வலப்பக்கம் வாருங்கள். எங்கள் செருப்புக்கும் ஷூவுக்கும் கீழே அதே கம்பிகள் சரிந்து தகட்டோடு படுத்துக்கிடக்கின்றன. அவ்வளவு தெளிவான படம். அத்தனை வருடமும் தினம் பத்துப்பேர் பார்க்கிற இடத்தில் மாட்டியிருந்தது.

ஜெனிக்கு மொட்டைமாடியில் தனி அறை கட்டவேண்டும், வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றுதான் என்னை அன்று கூப்பிட்டிருந்தார்கள். தோளில் இருந்த குழந்தை இப்போது பத்தாம் வகுப்பு. பால்கனியின் விளிம்பில், கம்பிக் கிராதியில் சாய்ந்து, குருத்தோலையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

நான் பால்கனிக் கதவுவரை போனேன். நிலைப்படிக்கு ஒட்டினாற்போல டைல்ஸில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு வெள்ளைக் கோடு. அதன் நடுவில் மெல்லிய கறுப்புப் பிளவு.

"ஸ்டெல்லா, இது என்ன கோடு?"

"அதுவா மேடம்? ரெண்டு தடவ ஒயிட் சிமென்ட் வெச்சேன். வெச்சா கொஞ்ச நாள்ல மறுபடி வாய தொறந்துக்குது. டைல்ஸ் ஒட்டினவன் சரியில்ல."

டைல்ஸ் ஒட்டினவன் சரியாகத்தான் ஒட்டியிருக்கிறான். அடைத்த விரிசல் மறுபடி திறக்கிறது என்றால் பால்கனி தொங்கிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

கத்தக்கூடாது. கத்தினால் இருபது பேரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள், ஓடுவார்கள், குதிப்பார்கள். தரை தாங்கிக்கொண்டிருக்கிற கடைசிப் பொறுமையும் அதில் போய்விடும். நான் பால்கனியில் காலை வைத்து யாரையும் இழுக்கவும் கூடாது. என் எடையும் ஒரு எடைதான். கீழே கேட்டுக்கு உள்ளே, சரியாகப் பால்கனி நிழலில், ஊர்வலத்தில் வருகிறவர்களுக்காக மேசை போட்டு மோர் பானை வைத்திருந்தார்கள். அதைச் சுற்றியும் ஆட்கள்.

சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கழற்றினேன். குரலில் எங்கிருந்தோ ஒரு சிரிப்பை வரவழைத்தேன்.

"எல்லாரும் உள்ள வாங்க! இதே மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கலாம். கதவுகிட்ட இருக்கிறவங்க முதல்ல வாங்க. மெதுவா, மெதுவா, இடிச்சுக்காதீங்க."

போட்டோ என்றால் நம் ஆட்கள் வருவார்கள். சேலையைச் சரிசெய்துகொண்டு, தலையைக் கோதிக்கொண்டு, ஒவ்வொருவராக வந்தார்கள். நான் வாய்க்குள் எண்ணினேன். பதினெட்டு, பத்தொன்பது. ஜெனி மட்டும் வரவில்லை.

"ஒன் மினிட் ஆன்ட்டி, ஃபாதர் இப்பதான் முனை திரும்புறாரு!"

கூடவே கால் மாற்றி மாற்றிக் குதித்தாள்.

"இவ ஒருத்தி" என்று மகளைக் கூட்டிவர ஆரோக்கியராஜ் அடி எடுத்து வைத்தார். அவர் சட்டைக் கையைப் பிடித்தேன்.

"நீங்க போகாதீங்க சார்."

என் முகத்தைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ, எடுத்த காலைப் பின்னால் வைத்தார். வாசலில் நின்றபடியே, நான் அதுவரை கேட்டிராத குரலில், மெதுவாகச் சொன்னார்: "ஜெனி. குதிக்காத. நடந்து உள்ள வா."

ஆறு அடி எடுத்து வைத்தாள். ஆறையும் எண்ணினேன். உள்ளே வந்ததும் கதவைச் சாத்திப் பூட்டிச் சாவியை என் கைப்பைக்குள் போட்டேன். பிறகு படியிறங்கி ஓடினேன், மோர்ப் பானையை நகர்த்தச் சொல்ல. மேசையை நானே இழுத்தேன். பானை கவிழ்ந்து சேலையெல்லாம் மோர். ஊர்வலத்தில் வந்தவர்கள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

மூன்று விரல்

கன்னியப்பனுக்குத்தான் போன் செய்தேன். ஒரு மணி நேரத்துக்குள் குட்டியானை வண்டியில் இரும்பு முட்டுகளோடு வந்தார். பால்கனிக்கு அடியில் வரிசையாக முட்டுக்கொடுத்து, மறுநாள் காலை நிலைப்படிக்குப் பக்கத்தில் ஒரு டைல்ஸைப் பெயர்த்து, உளியால் கொத்த ஆரம்பித்தார். ஆரோக்கியராஜ் கைகட்டி நின்றார்.

ஐந்து அங்குலக் கனம். ஒரு அங்குலத்தில் கம்பி தெரியவேண்டும். தெரியவில்லை. இரண்டு அங்குலத்திலும் இல்லை. நான் மூன்று விரலை முழுதாக உள்ளே விட்ட பிறகுதான் கம்பி நகத்தில் தட்டுப்பட்டது. கைப்பிடிச் சுவர் கட்டாமல் லேசான கிராதி வைத்தார்களே, அதனால்தான் இத்தனை வருடம் பிழைத்திருந்தது.

கன்னியப்பன் உளியைக் கீழே வைத்தார். நிமிரவில்லை.

"மேடம், அன்னிக்கு உட்டேன்னு சொன்னேன்ல. உடல மேடம். ஃபாதர் நின்னுகினு இருந்தாரு. அவரு காலாண்ட குனிஞ்சி, கொஞ்சம் நவுருங்கன்னு எப்டி மேடம் சொல்றது? அதுக்குள்ள அவரு சட்டிய கவுத்துட்டாரு. அதும்மேல போய் கம்பிய இழுத்தா நல்ல நாளும் அதுவுமா பேஜாரா பூடும்னு அப்டியே போட்டு மூடிட்டேன்."

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அவர் சொல்ல முடியாததைத்தான் நானும் சொல்லவில்லை.

ஆரோக்கியராஜ் குனிந்து அந்தக் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"அப்ப தப்பு யாருது மேடம்?"

"என்னுது சார்."

"ஏன் அப்டி சொல்றீங்க. கம்பி மேல நாங்களுந்தான நின்னோம்."

"நீங்க நிக்கலாம் சார். உங்களுக்குத் தெரியாது. நான் நின்னிருக்கக் கூடாது."

அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. "ஜெனி தெனம் காலையில அங்க நின்னுதான் மேடம் தலை துவட்டுவா" என்று மட்டும் சொன்னார். அது இன்னும் என் காதில் இருக்கிறது.

பால்கனியை வெட்டியெடுத்து, கீழே இரண்டு தூண் கொடுத்துப் புதிதாகக் கட்டினோம். காங்கிரீட் போட்ட அன்று அதே ஃபாதர் வந்தார். கம்பிமேல் படாமல் நடப்பதற்குப் பலகைப் பாதை போட்டு வைத்திருந்தேன். "ஃபாதர், பலகையை விட்டு இறங்கக்கூடாது" என்றேன். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். அதைச் சொல்ல எனக்கு ஏழெட்டு வருடம் ஆகியிருக்கிறது.

கால்களைப் பார்க்கிறேன்

கதை இதோடு முடிந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் ரூஃப் போடும் நாளில் படம் எடுப்பது ஆரோக்கியராஜ் வீட்டில் மட்டுமா வழக்கம்? எந்த வீட்டில் எடுக்கவில்லை? தெருப் பக்கம்தானே எல்லோரும் நிற்கிறார்கள்?

பழைய நோட்டுகளை எடுத்தேன். நான் கணக்குப் போட்ட வீடுகளில் பால்கனி உள்ளவை, ஆரோக்கியராஜ் வீடு போக, மொத்தம் இருபத்திரண்டு. செம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் 'சரி' என்று என் கையெழுத்து. காலை ஏழு மணிக்கு அது உண்மைதான்.

ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்பினேன். உங்கள் வீட்டுக்கு ரூஃப் போட்ட அன்று எடுத்த படம் இருந்தால் அனுப்ப முடியுமா? விஷயத்தைச் சொல்லிப் பீதியைக் கிளப்பவேண்டாம், முதலில் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். 'மேடம் நம்மள மறக்கல' என்று பூ, இதயம், கும்பிடு எல்லாம் போட்டு அனுப்பினார்கள். இதோ அம்மா, இப்போது இல்லை. இதோ பையன், கனடாவில் இருக்கிறான். பாருங்க, பாருங்க என்று முகங்களைக் காட்டினார்கள். நான் படத்தை விரலால் பெரிதாக்கிக் கால்களைப் பார்த்தேன். என் கணவர் முதல் நாள் கிண்டல் செய்தார். இரண்டாம் நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

இருபத்தோரு படங்கள் வந்தன. நாலு வீடுகளில் சந்தேகம், உடனே முட்டுக்கொடுத்துக் கொத்திப் பார்த்தோம். ஒன்றில் கம்பி இறங்கியிருந்தது, சரிசெய்தாயிற்று. மற்ற மூன்றும் நன்றாக இருந்தன. பாக்கி ஒரு வீடு, கூடுவாஞ்சேரி. அவர்கள் ஊருக்குப் போயிருந்ததாகத் தகவல்.

போன ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், அந்தப் படமும் வந்தது. பதினோரு பேர், தேங்காய்த் தட்டோடு, தெருப் பக்கம். பெரிதாக்கிப் பார்க்கவே தேவையில்லாமல் இருந்தது. கம்பிகள் பாதத்துக்கு அடியில் தகட்டோடு கிடந்தன. ஓரத்தில் நான், டேப்போடு, சிரித்துக்கொண்டு.

என் கணவர் வண்டிச் சாவியை எடுத்தார். நான் 'இப்போது கிளம்பி வருகிறேன்' என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு படம் வந்தது. கீழே ஒரு வரி:

'பேரனுக்கு இன்னிக்கு பேர் வெச்சோம் மேடம், சொந்தக்காரங்க எல்லாரும் வந்திருக்காங்க, அதே இடத்துல நின்னு இப்பதான் எடுத்தது, நீங்க மட்டும்தான் குறை.'

போன் அடித்தேன். எடுத்துவிட்டார்கள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம், சிரிப்பு, ஹார்ன் சத்தம். தெருப் பக்கம்தான் நிற்கிறார்கள்.

ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு குரலில் சிரிப்பை வரவழைத்தேன்.

"ரொம்ப சந்தோஷம்மா. வீடியோ கால்ல வர்றேன், எல்லாரும் ஹாலுக்கு வாங்க, நானும் உங்களோட ஒரு போட்டோ எடுத்துக்கணும். கதவுகிட்ட இருக்கிறவங்க முதல்ல வாங்க. மெதுவா, மெதுவா. குழந்தையைக் கொண்டு வாங்க."